துடைத்த துணியில் வெள்ளை

பகலெல்லாம் அடித்தது செம்புழுதி. ஆனால் அலமாரியைத் துடைத்த ஈரத்துணியை வாளியில் அலசியபோது தண்ணீர் வெளுத்துப் போனது.

பட்டிக்காரன் துணியை விரித்துப் பார்த்தான். சுவருக்குப் பட்டி பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குவது அவன் பிழைப்பு. அந்த வெள்ளை மாவை அவனுக்குத் தெரியாதா? வேலை உடுப்பை வாசலிலேயே கழற்றி உதறிவிட்டுத்தான் தினமும் உள்ளே நுழைகிறான். அப்படியிருந்தும் அந்தச் சனியன் வீட்டுக்குள் எப்படி வந்தது?

"எல்லாம் இந்த வீட்டுக்காரனால வந்தது" என்று பல்லைக் கடித்தான். ஜன்னல் சட்டம் சுருங்கி இடுக்கு விழுந்து எத்தனையோ மாதமாகிறது. கேட்டால் பார்க்கலாம் என்பான். வாடகை வாங்க வரும்போது மட்டும் கண் நன்றாகத் தெரியும்.

கட்டிலில் மகள் உட்கார்ந்தபடியே தவித்துக்கொண்டிருந்தாள். சின்னதிலிருந்தே இளைப்பு. இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் எண்ணெய் காணாத கீல் போலக் கிறீச்சிட்டது.

"காத்து நின்னு எவ்வளவு நேரமாச்சு" என்றாள் மனைவி. "ஜன்னலைத் திறங்க. புழுதி அடிக்கும்போது மூடு, அடங்கினதும் திறந்து விடு, உள்ள இருக்கற காத்து மாறணும்னு நர்ஸம்மா படிச்சுப் படிச்சு சொன்னாங்க."

"நர்ஸம்மாவா வந்து உன் பொண்ணுக்கு மூச்சு விடப்போறா? திறந்தா மிச்சம் மீதியும் உள்ளதான் வரும்."

"உங்க மூக்கு மேல இருக்கற கோபத்தைவிடவா அந்தப் புழுதி மோசம்?"

தீர்ந்துபோன இன்ஹேலரை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குக் கிளம்பினாள். "நான் வர்றதுக்குள்ள திறந்து வைங்க."

அவள் செருப்புச் சத்தம் தேய்ந்ததும் அவன் கதவைச் சாத்தினான். பழைய வேட்டியைக் கிழித்து நனைத்துக் கதவின் நாலு பக்க இடுக்கிலும் ஜன்னல் சட்டத்திலும் பட்டிக் கரண்டியால் திணித்தான். இனி எந்தப் புழுதி வருகிறதென்று பார்த்துவிடுகிறேன்.

புழுதிப் புயலோடு போன கரண்ட் இன்னும் வரவில்லை. அந்தி மங்கியது. டார்ச்சைப் போட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான். ஈரத்துணி வாடையும் வியர்வை வாடையும் கலந்த அந்த இருட்டில், வாளியில் எப்போதாவது சொட்டும் தண்ணீருக்கும் மகளின் கிறீச்சொலிக்கும் நடுவே, யாரோ வெகு நிதானமாக உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போல ஒரு சரசரப்பு எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தது. சுவரில் காது வைத்தான். சுவருக்குள் இல்லை. கூரையிலும் இல்லை.

தரையைத் துடைத்தான். வெள்ளை. திரும்பி வந்து பார்த்தான், துடைத்த இடத்தில் மறுபடி வெள்ளை.

கோபம் தலைக்கேறியது. வேலையிடத்து மேஸ்திரி ஞாபகத்துக்கு வந்தான். மாஸ்க் கேட்டபோது, "முகத்தை மூட நீ என்ன புதுப்பொண்ணா?" என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். இவனும் சிரித்துத் தொலைத்தான்.

"அப்பா" என்றாள் மகள். "கொஞ்சம் தள்ளி உக்காரேன்."

"ஏன் கண்ணு?"

"நீ கிட்ட இருந்தா முடியல."

அடுப்பங்கரை மூலைக்குப் போய் நின்றான். கிறீச்சொலி குறைந்தது. சரசரப்பு மட்டும் அவனோடு வந்தது. கட்டிலருகே திரும்பினான். கிறீச்சொலி ஏறியது. மறுபடி மூலைக்கு. குறைந்தது.

டார்ச்சைத் தன் வாய்க்கு நேரே பிடித்து ஊதினான்.

வெளிச்சத்தில் வெள்ளைப் புகை.

வீட்டுக்காரன் இல்லை. ஜன்னல் இல்லை. புயலும் இல்லை. யாரைத் திட்டுவது?

கதவுக்கு ஓடினான். துணியை இழுத்தான். வரவில்லை. விரலில் கல்லாக இடித்தது. ஈரமும் அந்த மாவும் சேர்ந்தால் என்னவாகும் என்று அவனைவிடத் தெரிந்தவன் யார்? கதவோரம் முழுக்கப் பட்டி இறுகி, வழவழவென்று, தேய்த்து முடித்ததைப் போல. ஜன்னலும் அப்படியே. குத்தினான். சுவரைக் குத்தும் சத்தம்.

வெளியே செருப்புச் சத்தம். தட்டல்.

"ஏங்க, திறங்க. எதை வெச்சு அடைச்சிருக்கீங்க? தள்ளினா நகரவே மாட்டேங்குது."

கத்த வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. மாவு வந்தது.

வாயை மூடினான். மூக்கை இரு விரலால் இறுக்கினான். விடமாட்டேன். செத்தாலும் இனி மூச்சு விடமாட்டேன்.

தரையில் உருண்ட டார்ச் கட்டிலைக் காட்டியது.

அவன் மூச்சு விடவில்லை. காது அடைத்தது. கண் இருண்டது. மார்பு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நிதானமாக. சரக். சரக். மகள் மூச்சை இழுக்கும்போதெல்லாம், அவன் விரலிடுக்கிலிருந்து வெள்ளை நூல் ஒன்று பிரிந்து, வெளிச்சத்தைக் கடந்து, அவள் மூக்குக்குள் போய்க்கொண்டிருந்தது.