அது என் இலை

“மகளுக்குப் பூ வைக்க வாராகன்னு வீடே எந்திரிச்சு நிக்கி... இவ கண்ணாடி முன்னால நின்னு மூஞ்சியக் கோணிக்கிட்டு இருக்கா! ஏட்டி பொன்செல்வி, இன்னைக்கும் ஒனக்கு இந்தக் கூத்து வேணுமா?”

காலை ஆறு மணிக்கே அடுப்படியிலிருந்து கோமதித்தாயின் குரல் வந்தது. பொன்செல்வி கண்ணாடியை விட்டு நகரவில்லை. உதட்டை மெதுவாகக் குவித்து, ஐந்து எண்ணி, தளர்த்தினாள். வாய் குவியும்போதெல்லாம் இடது கண்ணும் கூடவே சுருங்கப் பார்த்தது. சுருங்காதே என்று அதை மனதாலேயே நிறுத்தி வைக்க வேண்டும். மறுபடியும் குவித்தாள்.

“பலம் குடுக்காதீங்கக்கா. பலம் குடுத்தா தப்பான நரம்புதான் முந்திக்கிட்டு ஓடி வரும்” என்று, திருநெல்வேலியில் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பாஜிலா கறாராகச் சொல்லியிருந்தாள்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் மதுரையில் ஆபரேஷன். இடது காதுக்கு உள்ளே, கேட்கும் நரம்பில் ஒரு கட்டி. கட்டி போனது, அதோடு அந்தக் காதும் போனது. முகத்தை அசைக்கும் நரம்பு கட்டியோடு ஒட்டிக் கிடந்ததால் அதுவும் நைந்துவிட்டது. கண் விழித்தபோது முகத்தின் இடது பாதி நனைந்த துணி மாதிரி தொங்கிக் கொண்டிருந்தது. ஏழு மாதம் அப்படியே கிடந்தது. ஒருநாள் காலையில் பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தாள். வழக்கமாக இடது ஓரம் வழிந்து ரவிக்கையை நனைக்கும் தண்ணீர் அன்று வழியவில்லை, உள்ளேயே நின்றது. நம்பாமல் இன்னும் நான்கு தடவை கொப்பளித்துப் பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அன்று முழுக்க யாரோடும் சண்டைக்குப் போகத் தயாராக இருந்தாள்.

நரம்பு திரும்ப வளர்ந்ததே தவிர, வளர்ந்ததெல்லாம் சரியான இடத்துக்குப் போகவில்லை. எச்சில் ஊற வைக்க வேண்டிய இழைகள் சில, கண்ணீர் சுரக்கும் இடத்துக்குப் போய்விட்டன. அதனால் சோற்றை வாயில் வைத்ததும் இடது கண்ணிலிருந்து நீர் கொட்டியது. துக்கம் எதுவும் கிடையாது. அவளுக்குப் பிடித்த குழம்பு என்றால் இன்னும் அதிகமாகக் கொட்டியது.

இதை அவள் நூறு தடவை சொல்லிவிட்டாள். கோமதித்தாய் நம்பவில்லை.

“நரம்பு சோத்தக் கண்டா மட்டும் அழுமாக்கும்? எனக்குத் தெரியாதா? எங்கள நோகடிக்கணும்னே ஒவ்வொரு நேரமும் சோத்துல கண்ணீர் விடுதா. வீடு வெளங்குமா?”

கோமதித்தாய், பொன்செல்வியின் கணவன் சங்கரபாண்டிக்கு மூத்தவள். இளம் வயதிலேயே கணவனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவள். தாய் இல்லாத தம்பியை வளர்த்தவள். கெட்டவள் இல்லை. ஆபரேஷன் முடிந்த முதல் மாதம் கோயில் புற்றுமண்ணைக் குழைத்து, தூங்கிக் கொண்டிருந்த பொன்செல்வியின் கன்னத்தில் அவள்தான் பூசினாள். அந்தக் கண்ணுக்கு மூடத் தெரியாது என்பது அவளுக்கு நினைவில்லை. மண் உள்ளே விழுந்து, இரண்டு வாரம் கண்ணில் கட்டுப் போட வேண்டியதாயிற்று. அன்பில் குறையில்லை, கண்தான் தாங்கவில்லை. அதற்குப் பிறகு கோமதித்தாய் அந்தப் பக்க முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். எது சொன்னாலும் பொன்செல்வியின் வலது பக்கமாக வந்துதான் சொல்லுவாள். இடது பக்கம் நின்று சொன்னால் காதிலும் விழாது. சில நாள் அது பொன்செல்விக்கு வசதியாகவே இருந்தது.

இப்போதும் வலது பக்கமாக வந்து நின்றாள்.

“இந்தா பாரு. பூ வச்சதும் மாப்பிள வீட்டுக்காரங்க கை நனைப்பாக. ரெண்டு தாயாரும் பக்கத்துல பக்கத்துல ஒக்காந்து சாப்பிட்டாத்தான் சம்பந்தம் உறுதி. அந்த எலயில நான் ஒக்காருதேன். நீ அடுப்படியப் பாரு.”

“அனுவ நீங்களா பெத்தீக?”

“நீ சம்பந்தியம்மா பக்கத்துல ஒக்காந்து கண்ணீர் விட்டா என்ன நெனைப்பாக? நல்ல காரியத்துல கண்ணீரு! போன தடவ வந்தப்பவே பல்லு வலின்னு சொல்லி ஒன்ன உள்ள வச்சுச் சமாளிச்சேன்.”

“பல்லு வலின்னு நான் சொல்லச் சொன்னனா?”

சங்கரபாண்டி செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். தாலுகா ஆபீசில் இருபத்தாறு வருடமாக எழுத்தர். இரண்டு பேர் சண்டை போட்டால் கோப்பைத் தேடுவதுபோல் எழுந்து போய்விடும் பழக்கம் அங்கிருந்து வந்தது.

“இன்னைக்கு ஒருநாள்தான பொன்செல்வி... அக்கா சொல்லுத மாதிரி...” என்றார் தாளை மடக்காமலே.

தலை வாரிக் கொண்டிருந்த அனு சீப்பை எறிந்தாள். “அம்மா ஒக்காரலன்னா நான் பூவே வச்சுக்கிட மாட்டேன்! அந்த வாசுதேவநல்லூர்க்காரவுக அப்படியே திரும்பிப் போகட்டும்!”

“சும்மா கெட” என்றாள் பொன்செல்வி. “ஒனக்கு அந்தப் பையனப் பிடிச்சிருக்கு, நீ பூவ வச்சுக்கோ. என் எடத்த நான் பாத்துக்கிடுதேன்.”

பதினோரு மணிக்கு இரண்டு வேன்களில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை முத்துக்கிருஷ்ணன், அவனுடைய அம்மா மாடத்தி, சித்தப்பா குருநாதன், அவர்களோடு இருபது பேர். மாடத்தி வயலில் நின்றே கறுத்த, உரக்கப் பேசுகிற பெண். அனுவின் தலையில் பூ வைத்துவிட்டு, “நல்லா அடர்த்தியான முடி. எங்க வீட்டுல எல்லாருக்கும் கொட்டிப் போச்சு” என்று சொல்லிச் சிரித்தாள். பொன்செல்வி அடுப்படி வாசலில் நின்று அதைப் பார்த்தாள். பெற்ற பெண்ணுக்குப் பூ வைப்பதைக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

கூடத்தில் பாய் விரித்து இலை போட்டார்கள். மாடத்தி உட்கார்ந்தாள். அவளுக்கு வலது பக்கத்து இலை முன்னால் கோமதித்தாய் பட்டுச்சேலையை ஒதுக்கிக் கொண்டு உட்கார்ந்தாள்.

பொன்செல்வி சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள். கையைக் கழுவினாள். நேராகக் கூடத்துக்கு நடந்தாள்.

“மதினி, எந்திரிங்க. அது என் எல.”

அப்பளம் வைத்துக் கொண்டிருந்தவன் அப்படியே நின்றான்.

“ஏட்டி... எல்லாரும் பாக்காக...” கோமதித்தாய் பல்லைக் கடித்துக் கொண்டு சிரித்தாள்.

“பாக்கட்டும். பாக்கத்தான வந்திருக்காக. எந்திரிங்க.”

கோமதித்தாய் எழுந்தாள். பொன்செல்வி உட்கார்ந்தாள். மாடத்தி அவளை ஒரு தடவை பார்த்தாள். ஒரு பக்கம் மட்டும் முழுசாக அசைகிற அந்த முகத்தைப் பார்த்தாள். “பல்லு வலி இன்னும் கொறையலியா?” என்று கேட்டாள். கேட்காத காதுப் பக்கம்தான் இருந்தாள், ஆனாலும் அந்த உரத்த குரல் மற்ற காதுக்கு எட்டியது.

“எனக்குப் பல்லு வலியே கெடையாது. நீங்க சாப்பிடுங்கக்கா.”

முதல் கவளத்தை இருவரும் சேர்ந்து எடுத்தார்கள். இரண்டாவது கவளத்தில் தொடங்கியது. இடது கண்ணில் நிறைந்து, கன்னத்தில் ஓடி, தாடையில் சொட்டியது. ஒரு சொட்டு இலையில், அவியலுக்குப் பக்கத்தில் விழுந்தது. பொன்செல்வி துடைக்கவில்லை. மென்று கொண்டிருந்தாள்.

மாடத்தி கையை நிறுத்தினாள். “என்ன தாயீ... மகளக் குடுக்கணுமேன்னு அழுவுதீகளா?”

கதவோரம் நின்ற கோமதித்தாய் முந்திக் கொண்டாள். “ஆமாக்கா! பெத்த மனசுல்லா... ஒத்தப் பொண்ணு, எப்படித் தாங்குவா? காலையிலேருந்து இப்படித்தான்...”

பந்தியில் இருந்த பெண்கள் எல்லாரும் “பாவம்” என்று உச்சுக் கொட்டினார்கள். ஒருத்தி முந்தானையால் தன் கண்ணையும் ஒற்றிக் கொண்டாள். தப்பித்துக் கொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது. பேசாமல் தலையை ஆட்டினால் போதும்.

“இல்ல” என்றாள் பொன்செல்வி. “நான் அழல.”

“பொன்செல்வி...!” என்றார் சங்கரபாண்டி.

“நான் அழல. எனக்கு நல்ல பசி, அவியல் நல்லாருக்கு. அதுக்குத்தான் இந்தத் தண்ணி. காதுக்குள்ள கட்டி இருந்துச்சு, எடுத்தாக. மொகத்து நரம்பு அடிபட்டு, திரும்ப வளந்தது கொஞ்சம் தப்பான எடத்துக்குப் போயிருச்சு. சாப்பிட்டா இந்தக் கண்ணுல தண்ணி வரும். சிரிச்சா இந்தக் கண்ணு மூடும். மருந்துக் குறிப்பெல்லாம் பீரோவுல இருக்கு, வேணும்னா பாருங்க. பொண்ணுக்கு வருமான்னும் டாக்டர்ட்ட கேட்டேன். இது அப்படி வாரதில்லன்னுட்டாக.”

குருநாதன் தொண்டையைச் செருமினார். “எங்க தெருவுல ஒருத்தனுக்கும் இதே மாதிரிக் கட்டி. சின்னதுலயே எடுத்துட்டான், மொகத்துக்கு ஒண்ணும் ஆகல. நீங்க ஏன் இவ்வளவு முத்தவிட்டீக? அண்ணாச்சி கவனிக்கலையாக்கும்?”

இத்தனை வருடமாக எதற்கும் வாய் திறக்காத சங்கரபாண்டிக்கு அந்த ஒரு கேள்வி பொறுக்கவில்லை.

“நான் கவனிச்சேன் வே! இவதான் வேண்டாம்னா!”

“ஏங்க, விடுங்க.”

“விட மாட்டேன்! கட்டி பட்டாணி அளவு இருக்கப்பவே ஆபரேஷனுக்கு வரச் சொன்னாக. அந்த வாரந்தான் என் அக்கா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடிஞ்சு படுத்தா. மதினி எந்திரிச்சு நடக்கட்டும், பெறவு பாப்போம்னுட்டா இவ. அக்கா நடக்கதுக்கு ஒன்றர வருசம் ஆச்சு. அதுக்குள்ள அது நெல்லிக்கா அளவு ஆயிருச்சு. யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா...”

“சத்தியத்த நல்லாக் காப்பாத்துனீக!” என்றாள் பொன்செல்வி.

கதவோரத்தில் கோமதித்தாய் சுவரைப் பிடித்துக் கொண்டாள். திரும்பி அடுப்படிக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து விம்மல் கேட்டது.

மாடத்தி பெருமூச்சு விட்டாள். “இப்பேர்ப்பட்ட தாய் வளத்த பொண்ணு. நாளைக்கு நான் படுத்துட்டாலும் என்ன இப்படித்தான் பாத்துக்கிடும்.”

“பாக்க மாட்டா” என்றாள் பொன்செல்வி.

மாடத்தி திரும்பிப் பார்த்தாள்.

“என்ன மாதிரி செய்ய மாட்டா. செய்யவும் கூடாது. ஒடம்புல கட்டின்னா மொதல்ல அத எடுத்துட்டுத்தான் அவ மத்த சோலியப் பாப்பா. ஒங்களப் பாக்கதுக்கு ஒங்க மகனும் இருக்காருல்லா? நான் செஞ்சது பெரும இல்லக்கா, முட்டாத்தனம். மதினிய யாரு வேணும்னாலும் பாத்திருக்கலாம். இந்த மொகத்த நாந்தான் சொமக்கணும். இதக் கேட்டுச் சம்பந்தம் வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க, பூவ எடுத்துருதோம்.”

அனு தலையிலிருந்த பூவைத் தொட்டுக் கொண்டாள். முத்துக்கிருஷ்ணன் தன் அம்மாவின் முகத்தையே பார்த்தான்.

மாடத்தி திடீரென்று சிரித்தாள். உடம்பு குலுங்கச் சிரித்தாள். “ஏலே முத்து, கேட்டியா? நான் படுத்தா நீதான் பீ மூத்திரம் அள்ளணும், புரியுதா? நல்லாப் பேசுதீக மதினி. கொளுந்தனாரே, நீரு வாயில சோத்த வச்சு அடையும். ஏப்பா, இங்கன இன்னும் கொஞ்சம் அவியல் வை. மதினிக்கும் வை. கண்ணுல தண்ணி வந்தா வரட்டும்.”

அடுப்படி விம்மல் நிற்கவில்லை. சங்கரபாண்டி குனிந்து, “நீ போய் அக்காவப் பாரு...” என்றார்.

“நீங்க போங்க. ஒங்க அக்காதான? நான் சாப்பிடுதேன்.”

அவர் போனார். பொன்செல்வி ரசம், மோர், பாயசம் வரை சாப்பிட்டாள். இடது கண் கடைசி வரை ஒழுகியது. இலையை மடக்கிவிட்டுத்தான் எழுந்தாள்.

வேன்கள் போன பிறகு அடுப்படிக்குள் நுழைந்தாள். கோமதித்தாய் அரிசி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பட்டுச்சேலை கசங்கிப் போயிருந்தது.

“என்ன ஏன்ட்டி இப்படிப் பாவியாக்கின? ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே ஒன்ன மதுரைக்கு அனுப்பியிருப்பேன்லா... நான் அங்கன கெடந்து செத்தா செத்துட்டுப் போறேன்...!”

“அதனாலதான் சொல்லல.”

“ரெண்டு வருசமா ஒன்ன என்னெல்லாம் பேசுனேன்... ஒவ்வொரு வாய்ச் சோத்துக்கும் பேசுனேனே... என்ன மன்னிச்சிருட்டி...”

“பேசுனதுக்கு மன்னிப்பு வேண்டாம். நானும் திருப்பிப் பேசியிருக்கேன். ஆனா என்ன உள்ள ஒளிச்சு வச்சீக பாத்தீகளா, அத மறக்க மாட்டேன். கல்யாணத்தன்னைக்கு மேடையில நான் நிப்பேன். நீங்க எனக்கு எடது பக்கம் நிக்கணும். யாராச்சும் கேட்டா, அது அழுக இல்ல, நரம்புன்னு நீங்கதான் சொல்லணும்.”

“நரம்பு எப்படிப் போச்சுன்னு கேட்டா?”

“கட்டி இருந்துச்சு, எடுத்தாச்சுன்னு சொல்லுங்க. அது போதும்.”

“போதாது. எனக்காவத்தான் போச்சுன்னு சொல்லுவேன்.” கோமதித்தாய் தரையில் கையூன்றி, ஒடிந்து கூடிய இடுப்பைப் பிடித்துக் கொண்டு எழுந்தாள். இரண்டு கைகளாலும் பொன்செல்வியின் முகத்தைப் பிடித்து இடது பக்கம் திருப்பினாள். தொங்கும் உதட்டோரத்தையும் சிவந்த கண்ணையும் அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தாள். பிறகு தாங்க முடியாமல் அந்தக் கன்னத்தோடு தன் கன்னத்தை வைத்து அழுத்திக் கொண்டாள்.

“இங்கன எல்லாம் மரத்துப் போச்சா மக்கா?”

“மரத்தெல்லாம் போகல மதினி” என்றாள் பொன்செல்வி. “அசையத்தான் செய்யல. மத்தபடி எல்லாம் தெரியும்.”

கோமதித்தாயின் கண்ணீர் சுடச்சுட அந்தக் கன்னத்தில் இறங்கியது. பொன்செல்விக்கு அது தெரிந்தது. விலகாமல் நின்றாள்.