தொப்பி மட்டும் மிதந்தது

நான் ஒரு கல்லைத் தள்ளினேன்.

அவ்வளவுதான் செய்தேன்.

ஆட்டுக்கல் அளவு இருக்கும். பாறை விளிம்பில் யாரையும் தொந்தரவு செய்யாமல் உட்கார்ந்திருந்த கல். காலால் ஓர் உந்து... உருண்டது. விளிம்பைத் தாண்டியது. மறைந்தது.

கீழே, "ஐயோ..." என்று ஓர் ஆண் குரல்.

அதைத் தொடர்ந்து, தொபுக்.

அப்புறம் எதுவும் இல்லை. காற்றுகூட நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

கீழே சுனையோரம் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் மோகன். சென்னையிலிருந்து வந்த கஸ்டமர். என் பக்கத்தில் செல்போனோடு நின்றவள் பரிமளா. அவருடைய மனைவி.

"அண்ணா... என்ன பண்ணீங்க?"

"நீங்கதானே மேடம் சொன்னீங்க... கல்லு போட்டோல குறுக்க விழுதுன்னு..."

"ஓரமா நகர்த்தச் சொன்னேன். என் புருஷன் தலையில போடவா சொன்னேன்?"

சரிவில் பாதி ஓடி, பாதி உட்கார்ந்து சறுக்கி இறங்கினேன்.

பச்சைத் தண்ணீர். வட்டமாக விரியும் அலை.

நடுவில் ஒரு தொப்பி மட்டும் மிதந்தது.

அதற்குக் கீழே தலை இல்லை.

* * *

நான் சின்னராசு. சொந்த ஊர் மானாம்பதி. மூடிப்போன ஒரு போட்டோ ஸ்டூடியோவின் முன்னாள் முதலாளி. இப்போது 'மேகத்துணை அட்வென்சர்ஸ்' கம்பெனியின் சீனியர் ட்ரெக் லீடர். ஜூனியர் யாரும் கிடையாது.

கம்பெனி விளம்பரத்தைப் பார்த்தால் உங்களுக்கே குளிரும். 'ஹை ஆல்டிட்யூட் லேக் ட்ரெக். மேகங்களுக்கு மேலே ஓர் ஏரி.' பின்னணியில் பனிமலை. அந்தப் பனிமலை எந்த நாட்டில் இருக்கிறதோ, எனக்குத் தெரியாது. உத்திரமேரூர் தாலுகாவில் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

இங்கே இருப்பது ஏழுகன்னி மலை. உயரம் அறுநூறு அடி. அதற்குமேல் ஓர் அடி சொன்னாலும் மலைக்கே வெட்கமாக இருக்கும். உச்சியில் பாறைப் பிளவுக்குள் ஒரு சுனை. இரண்டு டவுன் பஸ்ஸை நிறுத்தலாம். மேகம் எங்களுக்கு மேலேதான் இருக்கும், அதுவும் ஐப்பசியில். இது மே மாதம்.

வழிகாட்டி கங்கம்மாள். மலையடிவார இருளர் குடியிருப்பு. முப்பத்தைந்து வயது. மலையை வீட்டுக் கொல்லை மாதிரி தெரிந்தவள். அவளிடம் ஒரே ஒரு குறை. எதைக் கேட்டாலும் நேர்ப் பதில் வராது.

காலையில் ஏறும்போதே மோகன் மூச்சு வாங்கினார்.

"இன்னும் எவ்வளவு தூரம்மா?"

"தோ கீது சார்."

அரை மணி நேரம் கழித்து மறுபடியும் கேட்டார்.

"தோ வந்துச்சு சார்."

"அதையேதானே அப்பவும் சொன்னே?"

"அப்பவும் வந்துக்கினுதான் இருந்துச்சு சார்."

மலையின் முக்கால் உயரத்தில் கன்னிக்கல் வரும். மஞ்சள் பூசிய நெட்டுக்கல். கங்கம்மாள் அங்கே நின்றாள்.

"செருப்பு, ஷூ எல்லாம் இத்தோட விட்டுடணும். மேல கன்னிமாருங்க கீறாங்க."

மோகனின் முகம் தொங்கிப்போனது. "ஷூவோட வந்தா என்ன? கேட்டா சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

"நீ பேசிடுவே சார். நான்தான் இங்க குடியிருக்கணும்."

மோகன் பரிமளாவைப் பார்த்தார். பரிமளா அவரைப் பார்த்தாள். ஷூ வாங்கிய விலையை நினைத்து இரண்டு பேரும் கலங்குகிறார்கள் என்று நினைத்தேன். நான் நினைத்தது என்றைக்குச் சரியாக இருந்திருக்கிறது?

கல்லடியில் மூன்று ஜோடி சேர்ந்தன. மோகனின் கணுக்கால் உயர ஷூ. பரிமளாவின் ரோஸ் கலர் ஷூ. என்னுடைய நீல ரப்பர் செருப்பு.

ட்ரெக் லீடருக்கு ரப்பர் செருப்பா என்று கேட்பீர்கள். கம்பெனி ஷூ கொடுத்தது. ஆறாம் நம்பர். என் கால் ஒன்பது. ஆறாம் நம்பர் ஷூ இப்போது என் வீட்டு டிவி மேல் அலங்காரமாக இருக்கிறது. செருப்பும் ஒன்றும் யோக்கியமில்லை. இடது வார் அறுந்து, அடியில் ஊக்கு குத்தி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கங்கம்மாள் விட வேண்டியது எதுவுமில்லை. அவள் பிறந்ததிலிருந்தே வெறுங்கால்.

* * *

அரை மணி நேரம் சுனையைத் துழாவினோம். நீண்ட கழி விட்டுப் பார்த்தோம். அடி தட்டவில்லை.

மேலே கன்னிமார் சிலைகளுக்குச் சூடம் கொளுத்திக்கொண்டிருந்த கங்கம்மாளும் ஓடி வந்து, பாவாடையை வரிந்துகொண்டு, இரண்டு முறை முங்கி எழுந்தாள். கிடைத்தது தொப்பி மட்டும்தான்.

"கங்கம்மா... ஆள் செத்திருப்பாரா?"

"தண்ணிக்குத்தான் தெரியும்."

"எனக்கு ஜெயிலா?"

"உள்ள சோறு நல்லாத்தான் போடறாங்களாம்."

சொல்லிவிட்டுக் கீழே ஓடினாள். கன்னிக்கல்லுக்குப் பக்கத்தில்தான் போனில் சிக்னல் வரும். போலீசுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். வந்தவள் என் முகத்தையே பார்க்கவில்லை. பரிமளாவைத்தான் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

நான் கம்பெனிக்குப் போன் செய்ய கன்னிக்கல் வரை போனேன். எம்.டி. பொறுமையாகக் கேட்டார். "சின்னராசுவா? அப்படி யாரும் எங்ககிட்ட வேலை செய்யலையே" என்றார். வைத்துவிட்டார். மூன்று வருட சர்வீஸ், பதினைந்து விநாடியில் முடிந்தது.

அப்போதுதான் கல்லடியைக் கவனித்தேன்.

மோகனின் ஷூ இருந்தது. பரிமளாவின் ஷூ இருந்தது.

என் செருப்பு இல்லை.

* * *

மதியம் ஒரு மணி. சப்-இன்ஸ்பெக்டர் ஏஞ்சல் வியர்த்து வழிந்து மேலே வந்தார். பின்னால் ஒரு கான்ஸ்டபிள். எல்லோரும் கன்னிக்கல் பக்கத்தில் கூடினோம்.

"இந்தக் கல்லுக்கு இந்தாண்ட நின்னா ஷூ போட்டுக்கலாம்ல?" என்றார் ஏஞ்சல்.

"நில்லும்மா. கன்னிமாருங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றாள் கங்கம்மாள்.

பரிமளா மோகனின் ஷூவை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஆசையா கழட்டி வெச்சாரே... போட்டுக்க வரலையே..."

ஏஞ்சல் அந்த ஷூவைப் பார்த்தார். "ஷூ இங்கே. அப்போ ஆள் தண்ணிக்குள்ளேதான். ஃபயர் சர்வீஸ் வந்துட்டிருக்கு. அவர் பேரு என்னம்மா? முழுப்பேரு?"

சொன்னாள்.

ஏஞ்சலின் பேனா நின்றது. "காஞ்சிபுரம் ரோட்ல சைக்கிள்ல போனவரைக் கார் ஏத்திக் கொன்னுட்டு நிக்காம போன கேஸ்... அந்த மோகனா?"

"அது பொய்க் கேஸ் மேடம். திங்கக்கிழமை தீர்ப்பு. விடுதலை ஆயிருப்பாரு... அதைப் பாக்கக்கூட குடுத்து வைக்கலையே..."

"செத்தவர் மேல கேஸ் நடக்காது. முடிஞ்சுது." ஏஞ்சல் என் பக்கம் திரும்பினார். "கல்லைத் தள்ளினது நீங்கதானா?"

"ஆமாம் மேடம். மேடம்... என் செருப்பைக் காணோம்."

"யோவ். ஒரு உயிர் போயிருக்கு. செருப்பைத் தேடறியா?"

'நீங்கள்' போய் 'நீ' வந்துவிட்டது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. கங்கம்மாளிடம் கிசுகிசுத்தேன்.

"குரங்கு தூக்கினு போயிருக்குமா?"

"கொரங்குக்கு ஒன் காலு அளவு சரியா வருமா சார்?"

"நான் இன்னா கேக்கறேன், நீ இன்னா சொல்ற? பாத்தியா, பாக்கலியா?"

"செருப்பு இன்னா சார்... வேற வாங்கிக்கலாம்."

ஏஞ்சல் நோட்டை மூடினார். "கவனக்குறைவால மரணம். நீ வண்டியில ஏறு. இந்த கைடு அம்மாவும் வரணும். பர்மிஷன் இல்லாம மலைக்கு ஆள் கூட்டிட்டு வந்தது அவதானே? அவ மேலயும் எழுதணும்."

கங்கம்மாளின் கால் விரல்கள் மண்ணைப் பற்றின. விழுந்துவிடாமல் இருக்கப் பற்றுகிற மாதிரி.

எனக்கு வீரமெல்லாம் கிடையாது. கரப்பான் பூச்சிக்கு வழிவிடுகிற ஜாதி. ஆனால் அந்தக் கால் விரல்களைப் பார்த்த பிறகு வாய் தானாகத் திறந்தது.

"மேடம்... அவங்க அப்ப சாமிக்குச் சூடம் கொளுத்திக்கினு இருந்தாங்க. கூட்டிக்கினு வந்தது கம்பெனி. கல்லைத் தள்ளினது என் காலு. என் பேரை மட்டும் எழுதிக்கோங்க."

"பெரிய தியாகி."

"இல்ல மேடம். ரெண்டு பேர் வந்தா வண்டியில எடம் பத்தாது. என் சைஸ் அப்படி."

கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்க இருமினார்.

கங்கம்மாள் அன்றைக்கு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். பிறகு ஏஞ்சலிடம் திரும்பினாள்.

"ஏம்மா... எங்க வூட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டுக்கவா?"

"சீக்கிரம் பேசு."

அவளுடைய போனில் ஸ்பீக்கர் மட்டும்தான் வேலை செய்யும். அதனால் மலை முழுக்கக் கேட்டது.

"யோவ், எங்க கீற?"

"பின்னாண்ட சரிவுல வேலிக்காத்தான் வெட்டிக்கினு கீறேன். இன்னா?" அவள் புருஷன் ஆண்டியின் குரல்.

"அந்தாண்ட யாருனா எறங்கினாங்களா?"

"ஒரு ஆளு குந்திக்கினு கீறாரு. கால்ல முள்ளு. என் கால்ல கீற செருப்பக் குடுன்னு ஒரே பேஜாரு."

"சும்மாவா கேக்கறாரு?"

"வாட்ச்சக் கயட்டித் தரேன்றாரு. ஓடுதான்னு பாத்துக்கினு கீறேன்."

பரிமளாவின் அழுகை நின்றது. குழாயைத் திருகி மூடின மாதிரி.

ஏஞ்சல் போனைப் பிடுங்கினார். "நான் எஸ்.ஐ. பேசறேன். அந்த ஆள் கால்ல என்ன போட்டிருக்கார்?"

"ஒத்தக் கால்ல நீலக்கலரு ரப்பர் செருப்பு மேடம். அறுந்த ஒண்ண கையில வெச்சிக்கினு ஊக்கு தேடிக்கினு கீறாரு. பாத்தா நம்ம ராசு சார் செருப்பு மாதிரி கீது."

"அவரை விட்டுடாதே."

"எங்க மேடம் போவாரு? எய்ந்து நிக்கவே முடியல."

கான்ஸ்டபிள் பின் சரிவை நோக்கி ஓடினார்.

ஏஞ்சல் பரிமளாவின் முன்னால் குனிந்தார். "கல்லைத் தள்ளச் சொன்னது யாரு?"

"அவர்... உயிரோட இருக்காரா? கடவுளே..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

பரிமளா அணைத்திருந்த ஷூவைக் கீழே போட்டாள். அழுகை போய் எரிச்சல் வந்துவிட்டது. "ஷூவைக் கழட்டச் சொன்னப்பவே திரும்பிடலாம்னு கண்ணைக் காட்டினேன். கேட்டாரா? இந்த ஊர்ல செருப்பு கழட்டணும்னு விளம்பரத்துல போட்டிருந்தீங்களா நீங்க?"

கடைசிக் கேள்வி எனக்கு. நியாயமான கேள்வி. விளம்பரத்தில் பனிமலைதான் போட்டிருந்தோம்.

அப்புறம்தான் எல்லாம் அடுக்காகப் புரிந்தது. தீர்ப்பிலிருந்து தப்ப மோகன் போட்ட செத்துப்போகிற நாடகம். கத்தியதும், பக்கத்திலிருந்த பாறாங்கல் பின்னால் ஒளிந்ததும், தொப்பியை எறிந்ததும் திட்டப்படி. நாங்கள் தண்ணீரைத் துழாவியபோது சுற்றிக்கொண்டு கன்னிக்கல்லுக்கு வந்துவிட்டார். பின் சரிவில் இறங்கினால் ரோடு. ரோட்டில் வாடகைக் கார். ஆனால் மே மாதப் பாறை, கார் சீட்டிலேயே வளர்ந்த பாதம். தன் ஷூவை எடுத்தால் ஆள் உயிரோடு இருப்பது தெரிந்துவிடும். மனைவியின் ஷூ நுழையாது. மிச்சம் இருந்தது, யாரும் தேடமாட்டார்கள் என்று அவர் நம்பிய ஒரு ஜோடி.

தேடினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"கங்கம்மா, ஒனக்கு எப்பத் தெரியும்?"

"போலீசுக்குப் போன் போட வந்தேன்ல, அப்பவே. மண்ணுல ஒன் செருப்புத் தடம் அந்தாண்ட எறங்கிக்கினு இருந்துச்சு. எடது தடத்துல ஊக்குக் கோடு. ஒன் காலு இல்ல. நீ நடந்தா குதிகாலு அமுங்கும். இவன் நுனிக்கால்ல ஓடிக்கினு போறான்."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"நாங்க எதுனா சொன்னா, சொன்னவங்களத்தான் சார் மொதல்ல உள்ள உக்கார வெப்பாங்க. நீ யாரு பக்கம்னு தெரியாம எப்படிச் சொல்றது?"

ஏஞ்சல் அதைக் கேட்டார். எழுதவில்லை. மறுக்கவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் மோகன் வந்தார். ஒரு பக்கம் ஆண்டி, மறுபக்கம் கான்ஸ்டபிள். நொண்டி நொண்டி. வாட்ச் அவர் கையிலேயே இருந்தது. ஓடவில்லையாம், ஆண்டி வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

மோகன் என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார். "ஒரு நல்ல செருப்பு போட மாட்டியாய்யா நீ?"

"போட்டிருந்தா நீங்க இந்நேரம் செத்தே போயிருப்பீங்க சார்" என்றேன்.

கை நீட்டி என் செருப்பை வாங்கப் போனேன். ஏஞ்சல் தடுத்தார். இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டினார்.

"சாட்சி. கோர்ட்டுக்குப் போகணும்."

"எப்போ மேடம் கிடைக்கும்?"

"மேல போய் அந்தக் கன்னிமார்கிட்ட கேளு."

எல்லோரும் இறங்கத் தொடங்கினார்கள். கல்லடி காலியாக இருந்தது. எனக்கு முன்னால், உச்சி வெயிலில் வெந்த பாறை. முதல் அடி வைத்தேன். தோசைக்கல்லில் வைத்த மாதிரி எகிறினேன்.

முன்னால் வெறுங்காலோடு சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டேன்.

"கங்கம்மா... அடிவாரம் இன்னும் எவ்ளோ தூரம்?"

'தோ கீது' என்பாள் என்று காத்திருந்தேன். அவள் நின்றாள். என் பாதத்தைப் பார்த்தாள். வெயிலைப் பார்த்தாள். முகத்தில் இரக்கம் வந்துவிட்டது.

"உண்மைய சொல்லிடறேன் சார். ரொம்ப தூரம். நெழலே கெடையாது."