படிக்காமல் தட்டிய ‘சரி’

கால்கள் மட்டும் தெரிந்தன.

இரண்டு கால்கள். ஒரு செருப்பு. சுற்றிலும் சிதறிய கண்ணாடி பிரேம்கள்...

கண்ணாடிக் கடைப் பெரியவரின் மிச்ச உடம்பு ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால், ஏணிக்கு அடியில் கிடந்தது. செத்துப் போயிருந்தார்!

ஏணியைத் தள்ளிய மூத்த மாப்பிள்ளை, கடைக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து விசிலடித்துக்கொண்டிருந்தான்.

"கடையைச் சின்னவளுக்கே கொடுத்துடப் போறேன், மாப்ளே. அவளுக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணவாவது தெரியும். உங்களுக்குக் கல்லாவைத் தவிர என்ன தெரியும்?"

பெரியவர் கடைசியாகப் பேசியது அதுதான். ஏணி மேல் நின்றுகொண்டு பேசுகிற பேச்சா அது?

மதிய இடைவேளை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கடைக் கேமரா எல்லாவற்றையும் பார்த்து, இதே கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருந்தது.

வைக்கட்டுமே!

ஞாயிற்றுக்கிழமை எடுத்த பேக்கப் கையில் இருந்தது. அதை ஏற்றினால் கம்ப்யூட்டர் ஞாயிற்றுக்கிழமைக்கே திரும்பிவிடும். அன்றைக்குப் பெரியவர் ஜம்மென்று உயிரோடு இருந்தார்!

இன்னொரு தொல்லையையும் திங்கட்கிழமையே தீர்த்துவிட்டான். ஆன்ட்டிவைரஸில் ‘திருட்டுக் காவல்’ என்று ஒன்று. இடைவேளையில் எவன் கம்ப்யூட்டரைத் தொட்டாலும், திரைக்கு மேலிருக்கும் குட்டிக் கேமரா படம் பிடித்துச் சின்ன மகளின் போனுக்கு அனுப்பிவிடும். பெரியவர் செய்து வைத்த ஏற்பாடு. அதை அணைத்தாயிற்று.

தன் மூளையை நினைத்து அவனுக்கே புல்லரித்தது. பாவம், அந்த மூளையைப் பற்றி அவனுக்கு மட்டும்தான் அப்படியொரு அபிப்பிராயம்.

போன் அலறியது! மனைவி.

"என்னங்க, அப்பா போனை எடுக்கவே மாட்டேங்கறார்..."

"எனக்கெப்படித் தெரியும்? நான் பார்க்ல உட்கார்ந்திருக்கேன்."

"கொஞ்சம் போய்ப் பாருங்களேன்..."

"இடைவேளை முடிஞ்சு போறேன். உங்கப்பாவை யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க. வை!"

ரெஸ்டோர் முடிந்தது. கம்ப்யூட்டர் அணைந்து, மறுபடி விழித்தது.

சட்டென்று ஒரு சிவப்புப் பெட்டி குதித்தது. கொட்டை எழுத்தில் ‘எச்சரிக்கை!’ அதற்குக் கீழே நாலு வரி.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பெட்டிகள் வந்தால் பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

"இதையெல்லாம் எவனாவது படிப்பானா, மாமா? சரின்னு தட்டிட்டுப் போங்க!"

"என்ன கேக்கறான்னு தெரியாம எப்படி மாப்ளே சரிங்கறது?"

கிழத்துக்குப் படிக்கிற வியாதி!

தட்டினான். ‘சரி.’

இன்னொரு பெட்டி. அதற்கும் ‘சரி.’

பிறகு தெருவுக்கு ஓடி, நெஞ்சிலடித்துக்கொண்டான்.

"ஐயோ... மாமா!"

*

பெண் இன்ஸ்பெக்டர் ஏணியையும் பார்த்தார். அவனையும் பார்த்தார்.

"கேமரா பதிவு?"

"ஞாயிறு வரைக்கும்தான் இருக்கு, மேடம். இடைவேளைக்கு நான் கிளம்பறப்ப மாமா ஏதோ ரெஸ்டோர் பண்றேன்னு நோண்டிட்டிருந்தார். சொன்னா எங்க கேக்கறார்?"

"நீங்க எங்க இருந்தீங்க?"

"பார்க்ல. இடைவேளை முடிஞ்சு வந்து பார்த்தா... இப்படி!" மூக்கை உறிஞ்சினான்.

"நடுவுல கடைக்கு வரவே இல்லையா?"

"சத்தியமா இல்ல!"

மூலையில் அழுதுகொண்டிருந்த சின்ன மகள், அப்போதுதான் பையிலிருந்து போனை எடுத்தாள். பார்த்தாள். அழுகை நின்றது.

"அத்தான்... அப்ப இது யாரு?"

போனில் அவன்! உதடு குவித்து விசிலடிக்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால், திறந்த கதவு வழியே... இரண்டு கால்கள். ஒரு செருப்பு.

"இது எப்படி...? நான்தான் திங்கட்கிழமையே அதை அணைச்சுட்டேனே!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது.

இன்ஸ்பெக்டர் ஆன்ட்டிவைரஸைத் திறந்து, பழைய எச்சரிக்கைகளை நிதானமாகப் படித்தார்.

"‘பழைய அமைப்புகள் திரும்பிவிட்டன. திருட்டுக் காவல் இயங்குகிறது. இப்போது உங்கள் படம் எடுக்கப்படும். சம்மதமா?’ ... எவ்வளவு மரியாதையா அனுமதி கேட்டிருக்கு! நீங்களும் சரின்னுட்டீங்க."

அவன் வாசலைப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் அவன் பக்கம் திரும்பினார்.

"அணைச்சது திங்கட்கிழமை. நீங்க கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் விட்டது ஞாயித்துக்கிழமைக்கு. அன்னைக்கு அது முழிச்சுட்டுத்தானே இருந்துச்சு!"

விலங்கு மாட்டியதும், அவன் முன் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"கையெழுத்துப் போடுங்க."

"இல்ல... படிக்கணும்! ஒரு வரி விடாம படிச்சுட்டுத்தான் போடுவேன்!"

"தாராளமா!" இன்ஸ்பெக்டர் அலமாரியிலிருந்து ஒரு ரீடிங் கிளாஸை எடுத்து அவன் மூக்கில் மாட்டினார். "காசை மட்டும் கொழுந்தியா கிட்ட கொடுத்துடுங்க. இனிமே அவங்க கடை!"