அத்தான் சுருக்கி வைத்த பதிவு

ரைட் கிளிக் செய்தால் போதும், திறந்திருந்த ஃபோல்டர் பட்டென்று மூடிக்கொண்டது. மற்ற கோப்புகளெல்லாம் பரம சாது. வெட்டலாம், ஒட்டலாம், அழிக்கலாம், ஒரு முணுமுணுப்பும் கிடையாது. அத்தான் சுருக்கி வைத்த அந்த ஒன்றைத் தொட்டால் மட்டும் திரை ஒரு கணம் வெளிறி, எதிரே குளிரறையின் இயந்திரம் பெருமூச்சு விட்டு, எங்கிருந்தோ பழைய அட்டைப்பெட்டியின் ஈரவாடை வந்து மூக்கில் ஏறியது.

அந்தக் குளிர்பதனக் கிடங்கு அக்கா புருஷனுடையது. வேலையாட்கள் இவனைச் சின்ன முதலாளி என்றார்களே தவிர, ஒரு சாவி கூட இவன் கைக்கு வந்ததில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான், போன மாதம் அத்தான் குளிரறைக்குள் போனபோது வெளித் தாழ்ப்பாளைத் திருப்பினான். அவர் தட்டத் தட்டக் கேட்டுக்கொண்டே நின்றான், படுபாவி! கதவின் கைப்பிடி உள்பக்கம் பழுது, அவர் உறைந்து செத்தது விபத்து என்று எல்லோரும் நம்பினார்கள். காமிராப் பதிவையும் அன்றே அழித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினான். ஆனால் அத்தான் எங்கிருந்தோ இறக்கிப் போட்ட சுருக்கும் மென்பொருள், எல்லாப் பதிவுகளையும் தானாகவே நகலெடுத்துச் சுருக்கி வைத்துக்கொண்டிருந்தது. அதைச் சொன்னவளே அக்காதான்.

"அவர் நடமாடுறத ஒரு தடவை பாக்கணும்டா தம்பி. அந்த வாரத்துப் பதிவெல்லாம் சுருங்கி அதுலதான் இருக்கும். கிளம்பிட்டேன், வந்துட்டே இருக்கேன்."

அவள் வருவதற்குள் அழித்தாக வேண்டும். கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரருக்குப் போன் போட்டான்.

"சார், உங்க கம்ப்யூட்டர் மேல தப்பே இல்ல," என்று அவர் சிரித்தார். "வெளியில இருந்து வந்த சாஃப்ட்வேர் அது. ரைட் கிளிக் பண்ணா வர்ற மெனுவுல தானும் போய் உக்காந்துக்கும். பழசாயிட்டா இப்படித்தான், ஃபோல்டரையே கவுத்துடும். அதோட பேரை மட்டும் அந்த மெனுவுல இருந்து எடுத்துட்டுப் பாருங்க."

அவர் சொல்லச் சொல்ல எடுத்தான். ரைட் கிளிக் செய்தான். மெனு விரிந்தது. அப்பாடா! அழி என்றான். அழியவில்லை. வேறொரு கம்ப்யூட்டரில் இந்தக் கோப்பு திறந்திருக்கிறது என்றது திரை.

"வேற எந்தக் கம்ப்யூட்டர் சார்? யாரு திறந்து வச்சிருக்காங்கன்னு அதுலயே காட்டுமே," என்றார் ரிப்பேர்க்காரர்.

காட்டியது. குளிரறைக்குள் சரக்குக் கணக்குப் பார்க்க மாட்டியிருந்த கம்ப்யூட்டர். திறந்தவர் பெயர், பெரிய முதலாளி. அத்தான்!

"பாஸ்வேர்டு மாத்தாம விட்டிருப்பீங்க சார். உள்ள போய் அதை மூடிட்டு வாங்க, அவ்வளவுதான்," என்று ரிப்பேர்க்காரர் போனை வைத்துவிட்டார். அவருக்கென்ன!

ஞாயிற்றுக்கிழமை மதியம், கிடங்கில் ஓர் ஈ காக்கை இல்லை. போனை மேசையில் போட்டுவிட்டு, குளிரறைக் கதவை அகலத் திறந்து, கனமான பெட்டியொன்றை முட்டுக்கொடுத்துவிட்டு உள்ளே போனான். குளிர் சட்டைக்குள் புகுந்து விலாவைத் தடவியது. அடுக்கிய பெட்டி வரிசைகளின் நடுவே, கதவுக்கு நேர் எதிர்ச் சுவரில், பனி படர்ந்த திரை மினுக்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கையால் துடைத்தான்.

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. வெளியே இருக்கும் காமிராவின் காட்சி. குளிரறைக் கதவு, எதிரே அவன் மேசை. கதவு திறந்திருந்தது. முட்டுக்கொடுத்த பெட்டியும் அதில் இருந்தது.

அன்றைக்கு ஏது பெட்டி?

திரையில் ஒரு கம்பளிக் குல்லா தெரிந்தது, அத்தான் குளிரறைக்குப் போட்டுப் போவது. குனிந்து, பெட்டியை மெல்ல நகர்த்தியது. அவன் பின்னால் கதவு மூடியது. தாழ்ப்பாள் திரும்பும் ஓசை.

ஓடினான். புதிதாகப் போட்ட உள் கைப்பிடியில் தொங்கினான். யாரோ அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பிப் பார்த்தான். திரையில் அத்தான் மேசையருகே நின்றார். மௌஸில் கை வைத்தார். ஃபோல்டர் மூடிக்கொள்ளவில்லை. சுருங்கிக் கிடந்தது ஒவ்வொன்றாக விரிந்தது.

அக்கா வந்தாள். காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். பார்த்தாள்.

முழுவதும் பார்த்தாள்.

"அக்கா! நான் உள்ள இருக்கேன் அக்கா! திற!"

தட்டினான். கை மரத்தது. தலையால் முட்டினான்.

அக்கா எழுந்தாள். கதவருகே வந்தாள். கதவின் சின்னக் கண்ணாடியில் அவள் முகம். அழுது முடித்த முகம். அவனையே பார்த்தபடி தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"அக்கா..." என்று தேம்பினான்.

அவள் தாழ்ப்பாளைத் திறக்கவில்லை. இறுக அழுத்தி, சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். பனி பூத்த இன்னொரு கை மெல்ல வந்து அவள் கையின் மேல் படிந்துகொண்டது.