பட்டியலில் இல்லாத பேக்கேஜ்

சர்வர் அறைக்குள் கடல் வாடை அடித்தது. பாஸ்கல் முதலில் கண்டுகொள்ளவில்லை. துறைமுகத்தை ஒட்டிய கண்டெய்னர் கிடங்கில் உப்புக்காற்று புகாத அறை ஏது? ஆனால் இது காற்றில் வருகிற உப்பில்லை; சங்குக்குள் சதை அழுகும்போது கிளம்பி, தொண்டையைப் பிடித்துக்கொள்கிற நாற்றம்.

பன்னிரண்டு சர்வர்களிலும் லினக்ஸ் தானாக ஏறிக்கொண்டிருந்தது. எந்தெந்தப் பேக்கேஜ், அதாவது மென்பொருள் தொகுப்பு, வேண்டும் என்று அவன் எழுதிய பட்டியலைப் படித்து, யாரையும் கேட்காமல் வேலை நடக்கும். கதவுப் பூட்டும் அதிலொரு சர்வரின் பிடியில்தான் இருந்தது. அதை யோசிக்காமல் உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டான் புத்திசாலி. இனி வேலை முடிந்தால்தான் கதவு திறக்கும்.

போன மாதம் இதே பட்டியலில் ஒரு வரியை விட்டுவிட்டான்: கிடைக்காத பேக்கேஜைத் தாண்டிப் போகச் சொல்லும் வரி. ஏதோ ஒன்று கிடைக்காமல், தொடரவா நிறுத்தவா என்று கேட்டபடி எல்லாம் நின்றுவிட்டது. ஆபீசிலிருந்து போன் வந்தபோது அவன் நடுக்கடலில், வள்ளத்தில் இருந்தான். சங்கு குளிக்க இறங்கிய சிலுவையின் கயிறு அவன் கையில். சிலுவை அவன் தங்கை விஜிலாவின் புருஷன். தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் விடமாட்டான் என்றுதான் கயிற்றை மச்சான் கையில் கொடுப்பார்கள்.

"ஏலே மச்சான், ரெண்டு இழு இழுத்தா தூக்கிரு, என்ன?"

சொல்லிவிட்டுத்தான் சிலுவை இறங்கினான். பாஸ்கல் கயிற்றைக் காலடியில் போட்டுவிட்டுப் போனை எடுத்தான். "ரெண்டு நிமிஷம் சார். தொடரும்னு குடுங்க."

கயிறு அறுந்துதான் சிலுவை மேலே வரவில்லை என்று விஜிலாவிடம் சொல்லியிருக்கிறான். அவளும் நம்பிவிட்டாள். அதுதான் அவனைத் தின்கிறது.

திரையில் பேக்கேஜ் பெயர்கள் ஓடின. நடுவே, அவன் எழுதாத ஒரு பெயர். சிலுவை.

நிறுத்தினான். பட்டியலில் அந்தப் பெயருக்கு முன்னால் கழித்தல் குறி போட்டு, வேண்டாம் என்று எழுதி, முதலிலிருந்து ஓட்டினான்.

மறுபடி வந்தது. கீழே ஒரு வரி: பாஸ்கலுக்கு இது தேவை. நீக்க முடியாது.

ஏசி நின்றது. காது அடைத்தது, கடலில் ஆறு பாகம், முப்பத்தாறு அடி, ஆழத்தில் அடைப்பதுபோல. கதவைத் தட்டினான். சத்தமே எழவில்லை. மூச்சு வரவில்லை.

இடுப்பில் ஏதோ இறுகியது. நீல நெட்வொர்க் கேபிள். குளியாள் போடுகிற முடிச்சு. மறுமுனை சர்வர் வரிசைக்குப் பின்னால் போனது.

இழுத்தான். ஒன்று. இரண்டு.

கேபிள் தொய்ந்தது.

வரிசைக்குப் பின்னாலிருந்து சிலுவையின் குரல், நிதானமாக, யாருடனோ போனில்: "ரெண்டு நிமிஷம் சார். தொடரும்னு குடுங்க."

ஈரத் தரையில், தண்ணீரில் ஊறி வெளுத்த இரண்டு பாதங்களுக்கு நடுவே, கேபிளின் மறுமுனை கிடந்தது.