கடைசித் தட்டின் நீலம்

ஆஸ்மா இருமினாள். கணினித் திரையில் 412 என்று நின்ற எண் 430 ஆனது.

வெளியே மதிய வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளே, சாயத்தின் ஒளியைப் படம் பிடிப்பதற்காகவே கறுப்புத் திரை இழுத்திருந்த அந்தச் சின்ன அறையில், ஏர்கான் முனக, ஸ்பிரிட் வாடையும் லேசர் பெட்டியின் சூடும் கலந்து அவள் தொண்டையில் ஒட்டிக்கொண்டன. நுண்ணோக்கியின் கீழே மூளைச் செல்கள். யாரோ ஒரு நோயாளி ஆராய்ச்சிக்குக் கொடுத்த தோலிலிருந்து வளர்த்தவை. தட்டில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆனால் தோல் எடுத்த தேதி அவளுக்குத் தெரியும். அன்று கணவன் நசீரின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவளே அவள்தான்.

அவர் இறந்து இரண்டு வருடம். உறைபெட்டியில் வேறு குப்பி இல்லை. இதுதான் கடைசித் தட்டு.

செல்லைக் காக்கும் தயோல் என்ற வேதிப்பொருள் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நீலம் ஒளிரும். அந்த நீலத்தின் அளவுதான் எண்.

"மச்சான்..." தட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

510.

கதவு திறந்தது. கூட வேலை பார்க்கும் அருண்ராஜ்.

"என்னக்கா, குடியிருக்கப் போறீங்களா? ரெண்டு மணி ஸ்லாட் என்னோடது லா!"

அவன் குரலுக்கு எண் அசையவில்லை.

"ப்ளாங்க் மட்டும் பாக்கி," என்றாள்.

640.

ப்ளாங்க் என்றால், தயோல் அத்தனையையும் முடக்கும் மருந்தை ஊற்றி, நீலத்தை அணைத்து, மிஞ்சும் எண்ணை எடுப்பது. அது இல்லாமல் எந்த அளவும் செல்லாது. ஆனால் அந்த மருந்து பட்டால் செல் பிழைக்காது.

"இன்னிக்கு ப்ளாங்க் வேணாம், அருண்."

"வெளாடாதீங்க. மொத்த டேட்டாவும் குப்பைக்குப் போயிடும்."

மருந்து நிரம்பிய பிப்பெட்டை அவனே எடுத்தான். யாருடைய செல் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான். மூச்சு மெஷினை எடுக்கலாமா என்று கேட்டார்கள். அவருக்கு எதுவும் கேட்காது என்றார்கள். தலையாட்டினாள்.

சொட்டு விழுந்தது.

"மச்சான், கேக்குதா?"

900. நீலம் திரையை நிறைத்தது. பிறகு 300. 40. பூஜ்யம்.

"யாருகிட்டக்கா பேசுறீங்க?" சிரித்துக்கொண்டே தன் தட்டை எடுத்துவரப் போனான் அருண்ராஜ்.

கேட்டிருக்கிறது. அன்றைக்கும்.

சாதாரண வெளிச்சத்துக்கு மாற்றினாள். செத்த செல்கள். நாலாபக்கமும் நீண்ட மெல்லிய கிளைகள்.

ஒரு கிளை அசைந்தது.

இன்னொன்று.

எல்லாம் இடப்பக்கம் வளைந்தன. அவள் உட்கார்ந்திருந்த பக்கம்.

எழுந்தாள். சத்தமில்லாமல் சுற்றி வந்து வலப்பக்கம் நின்றாள்.

மெதுவாக, ஒன்று விடாமல், கிளைகள் திரும்பின.