நான்காவது அழைப்பு

2018 நவம்பர் கடைசி வியாழக்கிழமை, ஆலயத்தில் மாலை ஆறு மணி அடித்து ஓயுமுன், ஷீஜாவின் திரையில் மரிய சகாயம் பச்சையானது.

அவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். பச்சை என்றால் படகிலுள்ள கருவி பேசுகிறது என்று பொருள். மரிய சகாயத்தில் பேச யாரும் இல்லை. போன வருடப் புயலில் ஏழு பேரோடு போன படகு. ஒரு பலகைகூடக் கரைக்கு வரவில்லை. ஏழு பேரில் ஒருவன் அவள் அண்ணன் ரெஜின்.

பச்சை அணைந்தது.

"என்னட்டி, அழிச்சியா?" என்றார் ஜான்ரோஸ்.

மீனவர் சங்கத்தின் செயலாளர். சங்கத்து அறையில் படகுகளின் சர்வரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மத்தியானத்திலிருந்து அவள் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வந்ததும், திரையைப் படமெடுத்துவிடக் கூடாதென்று, அவளுடைய செல்போனை வாங்கி மேசை டிராயருக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். நாளை நினைவுப் பூசை. பூசை முடிந்ததும் நாகர்கோவிலிலிருந்து விசாரணை அதிகாரிகள் இந்த அறைக்கு வருவார்கள். அப்போது மரிய சகாயத்தின் ஸ்கிரிப்ட் சர்வரில் இருக்கக் கூடாது.

ஒவ்வொரு படகுக்கும் சர்வரில் ஒரு சர்வீஸ், படகின் கருவியோடு பேசுவதற்கு. ஒவ்வொரு சர்வீசுக்கும் ஒரு ஸ்கிரிப்ட், சில வரிகள். எப்போது தொடங்க வேண்டும், தொடர்பு அறுந்தால் என்ன செய்ய வேண்டும், எப்போது சைரன் அடிக்க வேண்டும். அந்த வரிகளைப் படிப்பதற்கென்றே சிஸ்டத்துக்குள் ஒரு ஃபங்ஷன் உண்டு. அதற்குச் சொந்தமாக எதுவும் தெரியாது. எழுதியிருப்பதைப் படிக்கும். படித்ததைச் செய்யும்.

ரெஜின் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் படிப்பவன். இதை அவள் விளக்கியபோது சிரித்தான். "அப்ப அதுவும் என்னைப் போலத்தான் மக்கா. படிக்கத்தான் தெரியும். அர்த்தம் சாமியாருட்ட கேளு."

அவ்வளவு தெளிவாகப் படிக்க ஊரில் வேறு ஆள் இல்லை. அதனால் எல்லாப் படகுகளின் பெயரையும் அவன் குரலில்தான் பதிவு செய்தார்கள். கரை பிடித்த படகின் ஆள் வீட்டுக்குப் போகுமுன் சங்கத்துக் கதவைத் தட்டிப் பெயர் சொல்ல வேண்டும். சொன்னதும் ஆலயத்து ஒலிபெருக்கி அறிவிக்கும். ஒரு வருடமாகச் செத்தவன்தான் அறிவித்துக்கொண்டிருந்தான். கடல் ராணி கரை பிடித்தது. அந்தோணியார் கரை பிடித்தது. ஒவ்வொரு முறையும் அம்மா இசபெல் செய்த வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவாள்.

முன்பெல்லாம் தொடர்பு அறுந்தால் சர்வீஸ் மறுபடி மறுபடி எழுந்து படகைத் தேடும். கிடைக்கவில்லை என்றால் சைரன். மழைக்காலத்தில் அடிக்கடி அறுந்தது, அடிக்கடி அடித்தது. சைரனுக்கு நேர் எதிரே ஜான்ரோசின் வீடு. மூன்று முறை அறுந்தால் அதோடு விட்டுவிடு, தேட வேண்டாம், சைரன் வேண்டாம் என்று எழுதச் சொன்னார். ஷீஜா முடியாது என்றாள். வெளியூர் ஆளைக் கூட்டிவந்து எழுதவைத்தார்.

புயலன்று மரிய சகாயம் கூப்பிட்டது. அறுந்தது. கூப்பிட்டது. அறுந்தது. மூன்றாவது முறையும் அறுந்தது. ஃபங்ஷன் ஸ்கிரிப்ட்டைப் படித்தது. பிறகு சும்மா இருந்தது.

விசாரணையில் ஜான்ரோஸ் வேறு சொன்னார். ரெஜின் கருவியை அணைத்துப் போட்டிருந்தான் என்றார். அன்றிலிருந்து மற்ற ஆறு வீட்டுப் பெண்களும் இசபெல்லிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"அழிக்கல அண்ணே," என்றாள் ஷீஜா. "நாளைக்கு அவங்க படிக்கட்டும்."

"செத்தவனுக்காவ வேலைய விடுகியா?"

"அவன் அணைக்கலன்னு நாளைக்குப் பூசையில மைக்கப் பிடிச்சுச் சொல்லுங்க. நானே அழிக்கேன்."

அவர் எழுந்தார். அவள் நாற்காலியைக் காலால் தள்ளினார். சக்கரங்கள் சுவர்வரை உருண்டன. குனிந்து, ஒற்றை விரலால், வெளியூர்க்காரன் சொல்லிக்கொடுத்த மாதிரியே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். அவளுக்கு அந்தக் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. மரிய சகாயத்தின் ஸ்கிரிப்ட் போனது. அதற்கு வேறு பிரதி இல்லை. சர்வரை அணைத்து மறுபடி போட்டார்.

"பெயர்கூட மிச்சம் இருக்கக் கூடாது."

சர்வர் எழும் நேரத்தில் அறை அமைதியாக இருந்தது, அந்த அமைதிக்குள் கடற்கரையில் சிலுவை நட்ட குருசடியிலிருந்து பெண்களின் செபமாலை காற்றோடு வந்து வந்து போனது, கதவிடுக்கு வழியே எப்போதும் வரும் கருவாட்டு வாசத்தோடு இன்று டீசலும், நெடுநாள் நனைந்த வலையின் நாற்றமும், அதற்கும் அடியில் இனிப்பாக ஏதோ ஒன்றும் சேர்ந்து வந்தன. செபமாலையின் ஐந்து பத்துகளில் செபம் நான்காவதில் இருந்தது. படகு பிந்தினால் கடைசிப் பத்தைச் சொல்லாமல் நிறுத்துவது இந்தக் கரையின் வழக்கம். படகு வந்த பிறகே முடிப்பார்கள். ஒரு வருடமாக இங்கே யாரும் செபமாலையை முடிக்கவில்லை.

திரையில் பெயர்கள் எழுந்தன. ஃபங்ஷன் ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டாகப் படித்தது. அந்தோணியார். கடல் ராணி. ஜெபமாலை மாதா.

மரிய சகாயம்.

ஷீஜா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஸ்கிரிப்ட் இல்லை. அவள் கண்ணெதிரே போனது. எதைப் படிக்கிறது?

அழைப்பு ஒன்று. அறுந்தது.

அழைப்பு இரண்டு. அறுந்தது.

அழைப்பு மூன்று. அறுந்தது.

ஜான்ரோஸ் மூச்சு விட்டார். "பழைய குப்பை எதாவது கிடக்கும். இப்ப நின்னுரும்."

அழைப்பு நான்கு.

அவளுக்குப் புரிந்தது. நிறுத்தச் சொல்லும் வரி அந்த ஸ்கிரிப்ட்டில்தான் இருந்தது. அதை அவரேதான் அழித்தார்.

அழைப்பு ஐந்து. ஆறு. பிறகு எண்கள் படிக்க முடியாத வேகத்தில் ஓடின.

அவர் பிளக்கைப் பிடுங்கினார். திரை கறுத்தது. ஃபேன் நின்றது. கறுத்த திரையில் தன் முகம் தெரிவதை அவள் பார்த்தாள். பின்னால் ஜான்ரோசின் முகம். அதற்கும் பின்னால் மூடிய கதவு.

வெளியே ஒலிபெருக்கி இரைந்தது.

"மரிய சகாயம் கரை பிடித்தது."

தெளிவான குரல். ஞாயிற்றுக்கிழமைக் குரல்.

செபமாலை நின்றது. நாய்களின் குரைப்பும் நின்றது. பிறகு கடற்கரையிலிருந்து ஒற்றைக் குரல் எழுந்தது. அவளுடைய அம்மா. அருள் நிறைந்த மரியே. ஆறு வீட்டுப் பெண்களின் குரல்களும் ஒவ்வொன்றாக அதில் சேர்ந்தன. கடைசிப் பத்தைச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

கதவு தட்டப்பட்டது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

நின்றது. ஜான்ரோஸ் சுவரோடு ஒட்டியிருந்தார்.

நான்கு.

கதவின் அடியில் தண்ணீர் வந்தது. வெதுவெதுப்பாக. அவள் பாதத்தை நனைத்தது. மேலே டீசலின் வானவில். சிறு மீன் ஒன்று வயிறு மேலாக மிதந்து வந்து அவள் பெருவிரலில் முட்டியது.

"திறக்காதட்டி," என்றார். "மக்களே, திறக்காத."

அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் அணைத்துப் போட்டான் என்று இவர் சொன்னது காதில் இருந்தது. அம்மா தண்ணீர்க் குழாயடியில் தனியாக நின்றது கண்ணில் இருந்தது. பயத்துக்கு அடியில் அது கிடந்தது. பயத்தைவிடப் பழையது.

தாழ்ப்பாளை எடுத்தாள்.

ஏழு பேர் நின்றார்கள். மழை இல்லை. அவர்கள் மேலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. தலைமுடியிலிருந்து. சட்டையிலிருந்து. கண்கள் இருந்த இடத்திலிருந்து. முன்னால் ரெஜின். தட்டிய கை இன்னும் உயர்ந்தே இருந்தது. மூட்டுகளில் சதை இல்லை. ஒரு வருடம் தட்டிய கை. வெள்ளையாக எலும்பு.

அவளை அவன் பார்க்கவில்லை. அவளைத் தாண்டிப் பார்த்தான்.

அவன் உதடுகள் அசையவில்லை. குரல் ஆலயத்து ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. கடற்கரைக்கும், குழாயடிக்கும், எல்லா வீடுகளுக்கும் கேட்கும்படி.

"ஜான்ரோஸ் அண்ணே, மூணு தடவ கூப்பிட்டோம். இன்னும் எத்தன தடவ கூப்பிடணும்?"